மூன்று பூனைக்குட்டிகளும் ஒரு கேக் தராசும்

எங்கள் வீட்டுப் பூனை கருப்பி இந்த முறை குட்டி போட எடுத்துக்கொண்டது அம்மாவின் பழைய தேயிலைக் கொழுந்துக் கூடையை. அம்மா தோட்ட வேலையிலிருந்து நின்று ஆறு வருடமாகிறது. கூடை மட்டும் இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையின் மூலையில் தேங்காய் மட்டை போட்டுவைக்கக் கிடந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு வாரம் முன்பு ஒரு விடியற்காலை பார்த்தால் மட்டைக்கு மேலே மூன்று குட்டிகள். தங்கை மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள், பெயர் வைக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். செம்பட்டை நிறத்துக்கு கரட், நீண்ட வெள்ளை வாலும் சாம்பல் உடம்புமாக இருந்ததற்கு லீக்ஸ், பிறந்ததிலிருந்தே தொப்பையாக இருந்ததற்கு உருளை. இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் மரக்கறிப் பெயரைத் தவிர வேறென்ன வரும்?

இது அந்த மூன்றையும் நான்கு மாதம்வரை வளர்த்த கணக்கு. பவுச்சில் வரும் ஈரச் சாப்பாடும் பாக்கெட்டில் வரும் காய்ந்த உருண்டையும் எவ்வளவுக்கு எவ்வளவு என்பதுதான் விஷயம். காய்ந்ததை எங்கள் வீட்டில் பிஸ்கட் என்கிறோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். நடுவில் ஒரு வாரம் நான் பெரிய தப்பு ஒன்று செய்தேன். எழுதத் தோன்றியதே அதனால்தான்.

முதல் நான்கு வாரம் எனக்கு வேலையில்லை. கருப்பி பார்த்துக்கொண்டாள். நான் செய்தது ஒன்றுதான்: அவளுக்கே குட்டிகளுக்கான பிஸ்கட்டைப் போட்டேன். பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு தேவைப்படும். குட்டிகளுக்கான தீவனத்தில் கொழுப்பும் புரதமும் கூட இருப்பதால் தாய்க்கும் அது பொருந்தும்.

நான்காவது வாரக் கடைசியில் குட்டிகள் தாயின் தட்டில் காலை வைக்க ஆரம்பித்தன. அப்போது பிஸ்கட்டை வெந்நீரில் ஊறவைத்தேன். ஒரு பங்கு பிஸ்கட்டுக்கு மூன்று பங்கு தண்ணீர், கால் மணி நேரம், பிறகு விரலால் மசித்துக் கூழாக்குவது. முதல் நாள் கரட் அதன்மேல் படுத்தது. உருளை மூக்கை முக்கித் தும்மியது. லீக்ஸ் என் விரலை மட்டும் நக்கியது. நாலைந்து நாளில் மூன்றும் தட்டுக்கு வந்துவிட்டன. ஐந்தாவது வாரம் தண்ணீரைக் குறைத்துக் களி பதத்துக்குக் கொண்டுவந்தேன். ஏழாவது வாரம் காய்ந்ததையே கடித்தன. இரவில் அந்தக் கடுக் கடுக் சத்தம் கேட்டு அம்மா எலி என்று நினைத்து எழுந்து வந்தார்.

அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்ததும் இந்தக் கட்டத்தில்தான்.

"பூனைக்குட்டிக்குப் பால்தானேடா கொடுக்கணும்? நாங்க வளர்க்கலையா?"

நான் வேலைக்குப் போன நேரத்தில் பால்மா கரைத்து வைத்திருக்கிறார். மூன்றுக்கும் அன்று இரவே வயிற்றால் போனது. தாய்ப்பால் குடிக்கும் வயதைத் தாண்டத் தாண்ட, பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி பூனைக்குட்டிகளின் குடலில் குறைந்துகொண்டே போகும். மாட்டுப்பால் அங்கே செரிக்காமல் நின்று தண்ணீரை இழுக்கும். அதுதான் கழிச்சல். அம்மாவிடம் நொதியைப் பற்றியெல்லாம் பேசவில்லை. கூடையைக் கழுவும் வேலையை அவரிடம் விட்டேன். மறுநாள் பால்மா டின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அடுத்து நெத்தலியும் சோறும். இதில் அம்மா சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. லயத்து வரிசை வீடுகளின் பூனைகள் எல்லாம் நெத்தலித் தலையிலும் எலியிலும்தான் வளர்ந்தன. ஆனால் அந்தப் பூனைகள் எலியை முழுதாகத் தின்றன, எலும்பு, ஈரல், இதயம் எல்லாமாக. வீட்டுக்குள் வளரும் குட்டிக்கு அது கிடையாது. பூனைக்கு டாரின் என்ற சத்து சாப்பாட்டிலிருந்தே கிடைத்தாக வேண்டும், உடம்பு போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. குறைந்தால் கண் போகும், இதயத் தசை தளரும். 1987இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பால் பியானும் கூட இருந்தவர்களும் இதயம் தளர்ந்த பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைவாக இருப்பதையும், டாரின் கொடுத்தால் இதயம் தேறுவதையும் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூனைகள் தின்றது சோறு அல்ல, கடையில் விற்ற பூனைச் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் டாரினைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தன. அதனால் வாங்கும்போது பாக்கெட்டில் 'கம்ப்ளீட்' (முழுச் சத்துணவு) என்றும் 'கிட்டன்' (குட்டிக்கானது) என்றும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். சில பவுச்சுகள் ஆசைக்குக் கொடுக்கும் வகை. அதை மட்டும் கொடுத்துக் குட்டி வளர்க்க முடியாது. நான் முதலில் வாங்கிவந்த நான்கும் அந்த வகைதான்.

உப்புப் போடாமல் அவித்த கோழித் துண்டை அம்மா வாரம் இரண்டு நாள் கொடுக்கலாம், கறிச் சட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பேசி முடித்தோம். கறியில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சரி, தப்புக்கு வருகிறேன்.

எட்டாவது வாரம் கருப்பி பாலை நிறுத்தினாள். கிட்டே வந்தால் சீறி அடித்தாள். இனி எல்லாம் என் கையில். தங்கை கேக் செய்து விற்கிறவள். அவளுடைய டிஜிட்டல் தராசை இரவல் வாங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து நிறுத்தேன். உருளை 790 கிராம், கரட் 730, லீக்ஸ் 640. நல்ல எடைதான்.

அப்புறம் சாப்பாட்டைப் பிரித்தேன். என் கணக்கு இப்படி: 80 கிராம் பவுச் ஒரு நாளைக்கு இரண்டு, அது 160 கிராம். அதற்கு மேலே கொஞ்சம் கொறிக்க 30 கிராம் பிஸ்கட். மொத்தம் 190 கிராம் சாப்பாடு, மூன்று குட்டி. தட்டில் பார்த்தால் மலைபோல இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் மூன்றுக்கும் வயிறு பறை மாதிரி உப்பியிருக்கும், அடுப்பங்கரையில் போய்ச் சுருண்டுவிடும். அழவும் இல்லை, காலைச் சுற்றவும் இல்லை. நன்றாக வளர்க்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரம் நிறுத்தால் உருளை 820, கரட் 760, லீக்ஸ் 650. இந்த வயதில் குட்டி வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் ஏற வேண்டும். லீக்ஸ் 10 கிராம் ஏறியிருக்கிறது. தராசு பழுதோ என்று ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். தராசு சரி.

லீக்ஸைக் கையில் தூக்கி முதுகைத் தடவினேன். வயிறு உருண்டை, முதுகெலும்பு மட்டும் விரலுக்கு மணி மணியாகத் தட்டியது. புழுவாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் புழு மருந்து ஆறாவது வாரமும் எட்டாவது வாரமும் கொடுத்தாயிற்று. பவுச்சைத் திருப்பி பின்பக்கத்தைப் படித்தேன். ஈரப்பதம் 81 சதவீதம்.

நூற்றில் 81 தண்ணீர். நான் கொடுத்த 160 கிராமில் 130 கிராம் தண்ணீர். மலைபோலத் தெரிந்ததில் சாப்பாடு 30 கிராம்தான். வயிறு நிரம்பியது உண்மை, சத்துப் போகவில்லை. கருப்பி பால் கொடுத்தவரை அந்தக் குறையை அவள் மூடிக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தியதும் வெளியே வந்துவிட்டது.

அன்று இரவு கரண்ட் இல்லை. போனில் கால்குலேட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். நான் டவுனில் போன் ரிப்பேர் செய்கிறவன், கணக்கு வாத்தியார் இல்லை. ஆனால் இது கஷ்டமான கணக்கும் இல்லை, செய்துபார்க்க நினைப்பவர்களுக்காக விரிவாகவே போடுகிறேன்.

முதலில் குட்டிக்கு எவ்வளவு கலோரி வேண்டும்? கிலோவில் எடையை எடுத்து அதையே மூன்று தடவை பெருக்க வேண்டும். வந்த விடைக்கு வர்க்கமூலம், அதற்கு மறுபடி வர்க்கமூலம். அதை 70ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கத் தேவையான கலோரி வரும். நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு அதைப்போல 2.5 மடங்கு. லீக்ஸுக்கு: 0.65 மூன்று தடவை பெருக்கினால் 0.2746. வர்க்கமூலம் 0.524, மறுபடியும் எடுத்தால் 0.724. எழுபதால் பெருக்கினால் கிட்டத்தட்ட 51. இரண்டரை மடங்கு 127. கரட்டுக்கு 142, உருளைக்கு 151. மூன்றுக்கும் சேர்த்து 420 கலோரி. இது தொடங்குவதற்கான ஒரு எண்தான். குட்டிக்குக் குட்டி கூடக்குறைய இருக்கும், கடைசித் தீர்ப்பு தராசுடையது.

அடுத்து சாப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது? சில பாக்கெட்டில் கலோரி போட்டிருக்கும். என்னுடையதில் இல்லை. புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் மட்டும் இருந்தது. சாம்பல், அதாவது எரித்தால் மிஞ்சும் தாதுப்பொருள், எவ்வளவு என்று இல்லாவிட்டால் பிஸ்கட்டுக்கு 8 சதவீதம், பவுச்சுக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மீதி மாச்சத்து. புரதத்தையும் மாச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமில் உள்ள கலோரி. என் பவுச்சில் புரதம் 9, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 81. மாச்சத்து 2 வருகிறது. கலோரி 81. அப்படியானால் ஒரு பவுச்சுக்கு 65. பிஸ்கட்டில் புரதம் 34, கொழுப்பு 18, நார் 3, ஈரம் 10. மாச்சத்து 27. கலோரி 365 சொச்சம்.

ஒரே எடையில் பிஸ்கட்டுக்கு நாலரை மடங்கு சத்து. நான் கொடுத்துவந்தது பவுச்சில் 130, பிஸ்கட்டில் 110, மொத்தம் 240. கொடுக்க வேண்டியது 420. பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கொடுத்திருக்கிறேன், அதுவும் வளர்கிற குட்டிக்கு. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்காகப் பவுச் மோசம் என்று ஆகாது. தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் பவுச்சில் புரதம் 47 சதவீதம், பிஸ்கட்டில் 38. வெறும் பவுச்சிலேயே வளர்க்கலாம், ஆனால் மூன்று குட்டிக்கு ஒரு நாளைக்கு ஆறு ஏழு பவுச் போகும். என் சம்பாத்தியம் அதற்கு இடம் கொடுக்காது. வெறும் பிஸ்கட்டில் வளர்த்தால் தண்ணீர்ப் பிரச்சினை. பூனை பாலைவனத்து வழி வந்த பிராணி, தாகம் என்று தேடிப்போய்க் குடிப்பது குறைவு. அதிலும் மலையிலிருந்து குழாய் வழி விழும் எங்கள் பீலித் தண்ணீர் ஜூன் மாதத்தில் விரலை வைத்தாலே விறைக்கும். குட்டிகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால் பவுச்சை நான் தண்ணீருக்கும் வாசனைக்கும் என்று வைத்தேன், பிஸ்கட்டை வளர்ச்சிக்கு என்று வைத்தேன். நாளைக்கு இரண்டு பவுச் அப்படியே இருக்கட்டும். மீதி 290 கலோரிக்கு பிஸ்கட் 80 கிராம்.

முப்பதிலிருந்து எண்பதுக்கு ஒரே நாளில் ஏற்றினால் வயிறு தாங்காது. 45, 60, 70, 80 என்று நான்கு நாளில் ஏற்றினேன். மூன்றாவது நாள் கரட்டுக்கு மட்டும் கொஞ்சம் இளகிப் போனது, அடுத்த நாள் சரியாகிவிட்டது.

பகலில் சாப்பாடு வைப்பது அம்மா. தராசு, கிராம் என்றால் சிரிப்பார். அதனால் ஒரு பழைய ஜாம் போத்தலில் 20 கிராம் பிஸ்கட் போட்டு, அது நிற்கிற மட்டத்தில் தங்கை மகளின் நகப்பூச்சால் கோடு கிழித்தேன். நான்கு வேளை, வேளைக்கு ஒரு கோடு. வேறு பிஸ்கட் வாங்கினால் கோட்டையும் மாற்ற வேண்டும், உருண்டையின் பருமன் மாறினால் எடையும் மாறும். நான்கு வேளைக்குக் காரணம் குட்டியின் இரைப்பை சின்னது, ஒரே நேரத்தில் கொள்ளாது. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் பவுச்சோடு, பதினொன்றுக்கும் நாலுக்கும் வெறும் பிஸ்கட்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. திறந்த பவுச்சை வைத்துக்கொண்டிருக்க வழியில்லை. வேளைக்கு ஒரு பவுச் முழுதாக மூன்றுக்கும் பிரித்து முடிந்தது என்பதால் அந்தத் தலைவலி வரவில்லை. ஒற்றைக் குட்டி வளர்ப்பவர்களுக்கு இது ஓடாது. திறக்காத பவுச்சை தேத்தண்ணி கொதிக்கவைத்த கேத்தலிலிருந்து ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றி அதில் ஐந்து நிமிடம் நிறுத்துவேன். மலையில் இது ஆடம்பரமல்ல. காலையில் வீட்டுக்குள்ளேயே வாயில் புகை வரும் குளிரில் பவுச் சாப்பாடு ஜெல்லி மாதிரி உறைந்திருக்கும், வாசனை எழும்பாது. பூனை மூக்கால் சாப்பிடுகிற பிராணி. உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் தட்டு இரண்டு நிமிடத்தில் காலி.

இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைத்துப் பார்த்தேன். வேண்டாம். குழம்பை நக்கிவிட்டு ஊறிய பிஸ்கட்டை விட்டுவிடுகின்றன. குளிர்தானே, மதியம்வரை கெடாது என்று அதை விட்டுவைத்தேன். ஆனால் தட்டு இருந்தது விறகடுப்புக்குப் பக்கத்தில். அங்கே குளிர் ஏது? பதினொரு மணிக்குப் புளித்த வாடை வந்தது. இப்போது ஈரச் சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் இருப்பதில்லை. தனித்தனித் தட்டு. பிஸ்கட் தட்டை ஒரு அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தால் எறும்பு வராது. குடிக்கும் தண்ணீர் சாப்பாட்டுக்குத் தள்ளி, கதவோரம், வெதுவெதுப்பாக. இடத்தை மாற்றியதும் குடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பிஸ்கட்டுக்கு எதிரி மழைப்பனி. தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் எங்கள் பக்கம் துணி மூன்று நாளானாலும் காயாது. பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். பத்தாவது நாள் உருண்டை கடுக்கென்று உடையாமல் நசுங்கியது, எண்ணெய் சிக்கு வாடை. அரைப் பாக்கெட்டைக் கொட்ட வேண்டியதாயிற்று. பிறகு பாக்கெட்டோடு தூக்கி இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன், உண்மையான பிஸ்கட் டின். பெரிய பாக்கெட் மலிவுதான், ஆனால் இந்த ஈரத்தில் மூன்று வாரத்துக்குள் முடிகிற அளவுதான் வாங்குகிறேன்.

இன்னொரு திருத்தமும் தேவைப்பட்டது. உருளை தன் பங்கை முடித்துவிட்டு லீக்ஸின் தட்டுக்குப் போய்விடும். லீக்ஸ் சண்டை போடாது, எழுந்து போய்விடும். இதை நான் கவனிக்கவில்லை, தங்கை மகள்தான் சொன்னாள்: "மாமா, உருளை ரெண்டு பேர் சாப்பாடு சாப்பிடுறான்." லீக்ஸைச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கொழுந்துக் கூடைக்குள் தட்டோடு இறக்கிவிட்டு மேலே சுளகைக் கவிழ்த்தோம். பத்து நிமிடம் நிம்மதியாகச் சாப்பிட்டது.

பத்தாவது வாரம்: உருளை 915, கரட் 850, லீக்ஸ் 755. லீக்ஸ் ஒரு வாரத்தில் 105 கிராம். அம்மா எதுவும் சொல்லவில்லை, நகப்பூச்சுக் கோட்டுக்கு மேலே நாலு உருண்டை கூடப் போட்டுவிட்டு, "பாவம், போகட்டும்" என்றார்.

பிஸ்கட் கூடியதும் லீக்ஸுக்கு மலம் கொட்டை கொட்டையாக இறுகியது. காலை பிஸ்கட்டை மட்டும் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் ஊறவைத்தேன். மூன்று நாளில் சரி. பிஸ்கட் கடித்தால் பல் சுத்தமாகும் என்று பலரும் சொல்கிறார்கள், அதனால் ஊறவைக்கக் கூடாது என்கிறார்கள். சாதாரண பிஸ்கட் பல்லில் பட்டதும் உடைந்துவிடுகிறது, பெரிதாக எதையும் தேய்ப்பதில்லை.

அதிலிருந்து வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நிறுத்து, கணக்குப் போட்டு, கோட்டை மேலே ஏற்றினேன். போத்தலில் இப்போது ஆறு கோடுகள். நான்கு மாதத்தில் வேளையை மூன்றாகக் குறைத்தேன், 2.5 மடங்கை 2க்கு இறக்கினேன். உருளைக்கு அது பிடிக்கவில்லை.

உருளையைத் தங்கை எடுத்துப் போய்விட்டாள், கூடவே தராசையும். கேக் ஆர்டர் இருக்கிறதாம். போன ஞாயிறு லீக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் மரக்கறிக் கடைக்குப் போனேன். முதலாளி தராசில் ஒரு கடதாசி விரித்து வைத்தார். ஒரு கிலோ 720. பக்கத்தில் கோவா வாங்க நின்ற அம்மா ஒருவர் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். முதலாளி தலையைத் தூக்காமலே, "லீக்ஸ் இன்னைக்கு விலை ஏறிப்போச்சு தம்பி, பார்த்துக் கொண்டு போங்க" என்றார்.